அடைத்த கதவுகளும் அழகிய வரலாறும்

மணவுறவின் வரம்பைக் கடந்து செல்லும் ஆசையைக் கருவாகக் கொண்ட நாவல்களை இறைநம்பிக்கை உடைய ஒருவர் படிக்கலாமா, எழுதலாமா என்னும் வினா நம் சமுதாயத்தில் அவ்வப்போது எழுகின்றது. ஒரு சாரார், இத்தகைய எழுத்து நம் வீட்டு வாசற்படியை மிதிக்கவே கூடாது என்பர். மற்றொரு சாரார், இலக்கியத்திற்கு மார்க்கம் வேலி போடலாகாது என்பர். இரு சாராருமே ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். இத்தகைய ஆசையைப் பற்றிய வரலாறு ஒன்றைத் திருமறையே சொல்கின்றது. அதுவும், வரலாறுகளுள் மிக அழகியது என்னும் முன்னுரையுடன் சொல்கின்றது.

திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயம் யூசுபு நபி (அலை) அவர்களின் வரலாறு. மிஸ்ரு நாட்டு அஜீஸின் மனைவி, தன் இல்லத்தில் வளர்ந்த இளைஞர்மீது மோகம் கொள்கின்றாள், கதவுகளை அடைக்கின்றாள், அவரை அழைக்கின்றாள். அவள் பெயரை மறை கூறவில்லை. ஜுலைகா என்பது பின்வந்த மரபு தந்த பெயர். அப்பெயராலேயே பாரசீகக் கவிஞர் ஜாமி 15-ஆம் நூற்றாண்டில் காவியம் பாடினார். நம் காலத்தில் சாரணபாஸ்கரன் தமிழில் பாடினார்.

மறை ஆசையை மூடி மறைக்கவில்லை. இறைவனின் சான்றைக் கண்டிராவிடில் யூசுபும் அவளை நாடியிருப்பார் என்னும் பொருள்பட அது பேசுகின்றது. ஊர்ப் பெண்களின் சூழ்ச்சியை இறைவனே அகற்றாவிடில் தாம் அதன்பால் சாய்ந்துவிடக் கூடும் என்று அவர் அஞ்சுகின்றார். அதைவிடச் சிறையே தமக்கு விருப்பமானது என்று இறைஞ்சுகின்றார். தூய்மை என்பது ஆசையே எழாத வெறுமையன்று. எழுந்த ஆசையை இறையச்சத்தால் வெல்வதே தூய்மை. ஆயினும் அடைத்த கதவுக்குள் நம் கண்களை மறை நெடுநேரம் நிறுத்தி வைப்பதில்லை. மறுகணமே இருவரும் வாயிலை நோக்கி ஓடுகின்றனர். சட்டை பின்புறம் கிழிகின்றது. வாயிலில் கணவன் நிற்கின்றான். பாவத்தின் கதையில் மூன்றாமவர் ஒருவர் உண்டு என்பதை மறை மறக்க விடுவதில்லை.

இன்றைய நாவல்களை எடைபோட நமக்கு இங்கே ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. பிறர் குற்றங்களைத் துருவித் துருவி ஆராய்வதை மார்க்கம் தடுக்கின்றது. தன் உள்ளத்தைத் தானே கணக்குப் பார்ப்பதை வலியுறுத்துகின்றது. நாவலாசிரியன் மூடிய அறையைத் திறக்கின்றான். சாவித் துவாரத்தில் கண் வைப்பவனின் இன்பத்தை வாசகனுக்கு அவன் தருவானாயின், எவ்வளவு அழகிய நடையில் எழுதினாலும் அது துருவுதலே. அதே அறையில் வாசகன் தன் உள்ளத்தையே கண்டு திடுக்கிடுவானாயின், அந்த எழுத்து ஒழுக்கத்திற்குப் பகையன்று, துணையே ஆகும்.

1988-இல் நோபல் பரிசு பெற்ற எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸின் கெய்ரோ நாவல் வரிசையை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் நூல் 1956-இல் வெளிவந்தது. அதில் வரும் வணிகர் அஹ்மது அப்துல் ஜவாது தொழுகையாளி; வீட்டில் இரும்புக் கரம் கொண்டவர்; இரவிலோ மதுவும் பிற மாதரும் அவர் கேளிக்கை. அவர் ஊரில் இல்லாத ஒரு நாள், மனைவி ஆமினா ஹுஸைன் பள்ளிவாசலைத் தரிசிக்கச் செல்கின்றாள்; வழியில் வண்டி மோதிக் காயமடைகின்றாள். அனுமதியின்றிப் படி தாண்டிய குற்றத்திற்காக, காயம் ஆறியதும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றார் அக்கணவர். இதைப் படித்தபின் விபசாரத்தின்மீது யாருக்கேனும் ஆசை பிறக்குமா? பிறப்பது வெட்கமே. பார்வையைத் தாழ்த்துமாறு மறை முதலில் கட்டளையிடுவது ஆண்களுக்கு. அடுத்த வசனமே பெண்களுக்கு. அந்த முதல் வசனத்தை நம் வீடுகள் எங்கே தொலைத்தன என்று அந்த நாவல் கேளாமல் கேட்கின்றது.

தமிழில் தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966-இல் வந்தது. கணவன் இருக்கப் பிறிதோர் ஆடவனுடன் உறவு கொண்ட அலங்காரம், மகன் அப்புவை வேதம் கற்க அனுப்புகின்றாள். அவனது புண்ணியம் தன் பாவத்தைக் கழுவும் என எண்ணுகின்றாள். எல்லாம் அறிந்தும் மௌனமாக இருக்கின்றார் கணவர். இறுதியில் அவள் காசிக்குப் போகின்றாள். ஓர் ஆன்மாவின் சுமையை மற்றோர் ஆன்மா சுமக்காது என்பது நம் மறையின் கோட்பாடு. வேறொரு மரபில் பிறந்த அந்நாவல், பாவத்தைப் பிள்ளையின் தோளில் இறக்கி வைக்க முடியாது என்னும் அதே உண்மையைக் கண்ணீரோடு மெய்ப்பிக்கின்றது.

2004-இல் வெளிவந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நம் சமுதாயத்துப் பெண்களின் வாழ்வையே பேசியது. அதில் ஆடவரின் தகாத உறவுகளை ஊர் பொறுத்துக்கொள்கின்றது. ஒரு பெண்ணின் உறவோ அவள் உயிரையே குடித்துவிடுகின்றது. இது மார்க்கத்தின் நீதியன்று. மறை இருபாலார்க்கும் ஒரே தண்டனையைக் கூறுகின்றது. கற்புடைய பெண்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொணராதவனுக்கு 80 கசையடி என்கின்றது. பாவத்தை வெறுத்த மார்க்கம், புறங்கூறும் ஊர் வாயை அதனினும் குறைவாக வெறுக்கவில்லை. அஜீஸின் மனைவியைத் தூற்றிய பெண்கள் யூசுபைக் கண்டதும் தம் கைகளையே வெட்டிக்கொண்ட நிகழ்ச்சியின் பாடமும் இதுவே அன்றோ?

பாவியைப் புரிந்துகொள்வது நாளடைவில் பாவத்தை ஏற்றுக்கொள்வதாக முடியாதா என்று கேட்கலாம். அந்த அச்சம் பொருளற்றதன்று. காதல் இருந்தால் எல்லாம் நியாயமே என்று முடியும் கதைகள் பல உண்டு. அவற்றைக் கூர்ந்து நோக்குங்கள்: வஞ்சிக்கப்பட்ட மனைவிக்கோ கணவனுக்கோ அங்கே முகம் இராது, பிள்ளைகளின் குரல் கேளாது. அக்கதைகளின் குறை அவை ஆசையைச் சொன்னதன்று; அதன் விலையைக் கொடுத்தவரைச் சொல்லாமல் விட்டதே. அது கலைக்கும் குறை, அறத்திற்கும் குறை.

மறை கூறும் வரலாற்றில் அந்தப் பெண் கடைசிவரை வெறும் மோகினியாகவே விடப்படவில்லை. ஆண்டுகள் பல கழிந்து, மன்னன் விசாரித்தபோது, தானே அவரை நாடியதாகவும் அவர் உண்மையாளர் என்றும் தன் வாயாலேயே சாட்சி சொல்கின்றாள். கதவை அடைத்த கையே உண்மையின் கதவைத் திறக்கின்றது. அந்த நாள்வரை தன் பாத்திரங்களோடு பொறுமையாக நடந்து செல்லும் எழுத்தாளன் ஆசையைப் பற்றித் தாராளமாக எழுதட்டும். நாமும் அச்சமின்றிப் படிப்போம்.