பறித்தால் காய்க்கும் கொடி



சேர்த்து வைப்பது நன்றா, கொடுத்துவிடுவது நன்றா? பழைய கேள்விதான். சென்ற கோடையில் எமது வீட்டுப் பின்வளவில் நின்ற வெள்ளரிக்கொடி இதற்கு ஒரு விடை சொல்லிற்று.

ரொறன்ரோவில் மே மாதக் கடைசியில், உறைபனிப் பயம் நீங்கி மண் சூடேறிய பின்பே வெள்ளரி விதை ஊன்றலாம். வேரை அசைத்தால் வாடிவிடும் பயிர் ஆதலால், நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றி, வேலியில் கயிறு கட்டிப் படரவிட்டோம். கயிறு தந்தவர் பக்கத்து வீட்டு முதிய அம்மையார். நீர் குறைந்தால் காய் கசக்கும்; இலை நனைந்தால் நோய் பற்றும். எனவே காலைதோறும் அடியில் மட்டும் நீர் ஊற்றினோம்.

யூலையில் காய்த்தது. "இன்னும் காய்க்கட்டும், அம்மையாருக்குக் கூடை நிறையக் கொடுப்போம்" என்று பறிக்காமல் விட்டோம். இருப்பைப் பெருக்கிப் பார்க்கும் கணக்காளர் புத்தி! காய்கள் தடித்து மஞ்சளாயின; புதுப் பிஞ்சுகள் நின்றுபோயின. விதை முற்றத் தொடங்கினால் கொடி தன் பலத்தை அதற்கே கொடுத்துவிடும். இளசாகப் பறிக்கப் பறிக்கத்தான் மேலும் காய்க்கும். ஆவணியில் அம்மையார் மகளோடு வேறு நகருக்குப் போய்விட்டார். ஒரு காய்கூட அவர் கைக்குப் போகவில்லை.

எல்லாவற்றையும் ஒரே இரவில் இழந்து வந்தவர்கள் நாம். நாளையை நினைத்துப் பயப்படுவது எமக்கு இயல்பு. "வசதி வரட்டும், பிறகு செய்வோம்" என்று ஊருக்கு அனுப்ப வேண்டியதையும், பெற்றோருடன் பேச வேண்டியதையும் தள்ளிப்போடுகிறோம். கொடுக்க மனமில்லை என்பதல்ல. காலம் எமக்காகக் காத்திருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

அப்படியானால் நாளைக்கென எதுவும் வைக்கக்கூடாதா? வைக்கத்தான் வேண்டும், விதையில்லாமல் அடுத்த கோடை இல்லை. ஆனால் அதற்கு ஒரு காய் போதும். நன்கு முற்றிய ஒரு வெள்ளரியில் நூற்றுக்கு மேற்பட்ட விதைகள் இருக்கும். கலப்பின விதை தாயைப்போல் வராது என்பதால், இவ்வருடம் பழைய இனமொன்றை ஊன்றி, பருவக் கடைசியில் ஒரேயொரு காயை விதைக்கு விட்டோம். மற்றவற்றை ஒன்றுவிட்ட ஒருநாள் பறித்தோம்.

தேவைக்கு வைப்பது சேமிப்பு. பயத்துக்கு வைப்பது முடக்கம். இரண்டும் கணக்கேட்டில் ஒரே பக்கத்தில்தான் வரும். வேறுபாட்டை மனச்சாட்சிதான் எழுத வேண்டும்.

இவ்வருடத்து முதற்காயை வேலிக்கு அப்பால் புதிதாகக் குடிவந்தவர்களிடம் கொடுத்தோம். அம்மையாருக்குக் கொடுக்க வேண்டிய கடன் இன்னும் அப்படியே நிற்கிறது.