வேடமும் பக்தியும்: சிவாஜி கணேசனின் அடியார் வேடங்களை முன்வைத்து

சிவாஜி கணேசன் (1928–2001) தமிழ்த் திரையில் அப்பராகவும் சுந்தரராகவும் பெரியாழ்வாராகவும் திருமங்கையாழ்வாராகவும் நடித்தவர். கோயிலுக்குள் நடக்கும் அக்கிரமத்தைத் தட்டிக்கேட்கும் குணசேகரனாக 1952இல் 'பராசக்தி'யில் திரைக்கு அறிமுகமானவரும் அவரே. ஒரே உடல், ஒரே குரல் இரண்டையும் தாங்கியது. இரண்டையும் மக்கள் மனமார ஏற்றுக்கொண்டார்கள். இதிலிருந்து ஒரு சமயக் கேள்வி எழுகிறது: நடிகர் அடியாராக நின்று உருகும்போது அந்த உருக்கம் யாருடையது? நம்பிக்கை இல்லாதவர் பக்தராக நடித்தால் அது பொய்யாகுமா? நம்பிக்கை உள்ளவர் நடித்தால் அந்த நடிப்பே வழிபாடாகிவிடுமா?

நடிகரின் பாதை

விழுப்புரத்தில் பிறந்த கணேசன் சிறுவயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். இராமாயண நாடகத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது சீதை வேடம். பிறகு பரதன், இந்திரஜித்து என வேடங்கள் மாறின. சிறுவர்களே நடிக்கும் இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் ஒரே பையன் இன்று சீதையாகவும் சில ஆண்டுகளில் இந்திரஜித்தாகவும் மேடையேறுவது வழக்கம். எந்த வேடமும் தனக்குச் சொந்தமில்லை, ஆனால் எந்த வேடத்தையும் அரைகுறையாகக் கட்டக்கூடாது என்பதே அங்கே கற்ற முதல் பாடம்.

1940களின் நடுவில் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்தார். அதைப் பார்த்த பெரியார் அவரைச் 'சிவாஜி' என்று அழைக்க, அதுவே பெயராக நிலைத்தது. கடவுள் மறுப்பை இயக்கமாக்கிய தலைவர் சூட்டிய பெயரோடுதான் அவர் பின்னாளில் சிவபெருமானாகத் திரையில் தோன்றினார். 'பராசக்தி'யின் வசனம் மு. கருணாநிதியுடையது. அம்மன் சிலைக்குப் பின்னாலிருந்து வந்து பூசாரியைக் கண்டிக்கும் காட்சியும் நீதிமன்றக் காட்சியும் பகுத்தறிவு இயக்கத்தின் குரலாகவே கேட்கப்பட்டன. ஆனால் குணசேகரன் நீதிமன்றத்தில் வாதிடுவது கோயிலே கூடாது என்றல்ல. கோயில் கயவர்களின் இருப்பிடமாகிவிடக் கூடாது என்றே.

1950களின் நடுவில் அவர் திருப்பதிக்குச் சென்று வந்தது திராவிட முன்னேற்றக் கழகத்தினரிடையே பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. அவர் அந்த இயக்கத்திலிருந்து விலகினார். பின்னர் காமராசரின் பக்கம் நின்றார். அடுத்த பத்தாண்டில் ஏ.பி. நாகராஜனின் இயக்கத்தில் 'திருவிளையாடல்' (1965), 'சரஸ்வதி சபதம்' (1966), 'திருவருட்செல்வர்' (1967), 'திருமால் பெருமை' (1968) ஆகிய படங்கள் வந்தன. 'திருவருட்செல்வ'ரில் மன்னர், சேக்கிழார், சுந்தரர், திருக்குறிப்புத் தொண்டர், அப்பர் என ஐந்து வேடங்கள். முதிய அப்பரின் நடைக்கும் பார்வைக்கும் காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளைக் கூர்ந்து கவனித்ததே அடிப்படை என்று நடிகரே சொல்லியிருக்கிறார்.

மறுத்தவரின் வாதம்

'பராசக்தி'யில் குணசேகரனின் அண்ணன் ஞானசேகரனாக நடித்த எஸ்.எஸ். ராஜேந்திரன் வேறு வழியைத் தேர்ந்தார். புராணப் படங்களில் நடிப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். 'இலட்சிய நடிகர்' என்ற பட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த மறுப்புக்குள் கனமான வாதம் ஒன்று இருக்கிறது. திறமையாக நடித்தால் பார்ப்பவர் நம்புவார். தான் ஏற்காத ஒன்றைப் பிறர் நம்பும்படி செய்துவிட்டு, அது வெறும் நடிப்புத்தான் என்று கை கழுவ முடியாது. எனவே மனத்தில் இல்லாததை முகத்தில் காட்டுவது, அதுவும் சமயத்தில், நேர்மைக் குறைவு. இந்த வாதம் பகுத்தறிவாளருக்கு மட்டும் உரியதல்ல. ஆழ்ந்த பக்தரும் இதையே மறுபக்கத்திலிருந்து சொல்லலாம்: பக்தி இல்லாதவர் அப்பர் வேடம் கட்டுவது அப்பருக்கு இழுக்கு. இருவருடைய கவலைக்கும் வேர் ஒன்றே. வேடத்துக்குள்ளே மெய் இருக்க வேண்டும் என்பது அது.

வேடத்தைப் பற்றிச் சமய நூல்கள்

தமிழ்ச் சமய மரபில் வேடம் பற்றி இரண்டு தீர்ப்புகள் உண்டு. கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் தவக்கோலத்தில் மறைந்து தீமை செய்வாரைக் கடுமையாகச் சாடுகிறார். இதே கண்டனத்தை மாமல்லபுரத்துப் பாறையிலும் காணலாம். அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் இருவகையாக விளக்கப்படும் அந்தப் பெரும் புடைப்புச் சிற்பத்தில், ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்யும் மனிதர் மேலே இருக்கிறார். கீழே ஒரு பூனை முன்கால்களைத் தூக்கி அதே கோலத்தில் நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள். கோலம் ஒன்று, உள்ளம் வேறு என்பதைப் பல்லவச் சிற்பி ஒரே பாறையில் அருகருகே வைத்துக் காட்டிவிட்டார்.

இரண்டாவது தீர்ப்பு சேக்கிழாரின் பெரியபுராணத்துடையது. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசிச் சிவனடியார் வேடத்தில் வந்து, சுவடிக்கட்டில் மறைத்த கத்தியால் குத்தினான். உயிர் போகும் நிலையிலும் நாயனார் அவனைக் காவலனிடமிருந்து காத்துப் பத்திரமாக ஊருக்கு வெளியே சேர்ப்பிக்கச் சொன்னார். வேடம் பொய் என்பது தெரிந்த பிறகும் அவர் வேடத்துக்குச் செய்த வணக்கத்தைத் திரும்பப் பெறவில்லை. அடியார் திருவேடத்தைச் சிவனெனவே கண்டு தொழ வேண்டும் என்பது சைவ சித்தாந்தத்தின் முடிவும்கூட.

இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. வள்ளுவர் பேசுவது வேடம் பூண்டவரின் குற்றத்தை. சேக்கிழார் பேசுவது வேடத்தைக் கண்டவரின் பக்தியை. முத்தநாதனின் பாவம் நாயனாரின் பக்தியைக் குறைக்கவில்லை, நாயனாரின் பக்தி முத்தநாதனின் பாவத்தைக் கழுவவும் இல்லை. நடிப்பைப் பற்றிய கேள்விக்கு இந்தப் பிரிப்பு மிகவும் பயன்படும்.

பூனைக்கும் முத்தநாதனுக்கும் நடிகருக்கும் உள்ள வேறுபாடும் இங்கே தெளிவாகிறது. பூனை தன்னைத் தவசி என்று எலிகள் நம்ப வேண்டும் என விரும்புகிறது. நடிகர் தன்னை அப்பர் என்று யாரும் நம்ப வேண்டும் என்று கேட்பதில்லை. படச் சுருள் ஓடத் தொடங்கும்போதே அவருடைய பெயர் திரையில் வந்துவிடுகிறது. அவையின் ஒப்புதலோடு, காலமும் இடமும் வரையறுத்துப் பூணும் வேடம் ஏமாற்று ஆகாது. 'திருவிளையாடல்' காட்டும் புராணக் கதைகளிலோ இறைவனே விறகு விற்பவராகவும் மீனவராகவும் வேடம் புனைகிறார். அருள் செய்வதற்காகப் பூணும் வேடத்தை அந்த மரபு குற்றமாகக் கருதவில்லை.

உணர்ச்சி எங்கே பிறக்கிறது

எஞ்சுவது உள்ளே உணராமல் வெளியே காட்டலாமா என்பது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ, சிறந்த நடிகன் தான் உணர்ச்சிவசப்படாமல் பிறரை உணரச் செய்பவன் என்று வாதிட்டார். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938) நடிகன் பாத்திரத்தின் உள்ளத்துக்குள் வாழ வேண்டும் என்றார்.

இந்தக் கேள்வியைத் தமிழ் மரபு பார்வையாளர் பக்கத்திலிருந்து அணுகுகிறது. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நிகழ்த்துபவன் செய்தது காண்பவரைச் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனாரின் கருத்தை உரையாசிரியர் இளம்பூரணர் எடுத்துக்காட்டுகிறார். காஷ்மீரத்து அபிநவகுப்தரும் ரசம் இருக்கும் இடம் நடிகனல்ல, சுவைக்கும் உள்ளமே என்று நிறுவினார். இந்தப் பார்வையில், உழவாரப்படை ஏந்தித் தள்ளாடி நடக்கும் அப்பரைத் திரையில் கண்டு ஒருவர் கண்ணீர் விட்டால் அந்தப் பக்தி மெய்யானது. அது பார்த்தவருடையது. நடிகரின் கடமை அதற்கு வழிவிடும்படி உடலையும் குரலையும் குற்றமறப் பயிற்றுவது.

வைணவ மரபு இன்னும் ஓரடி முன்னே போகிறது. இராமன் தனியாகக் கரனோடு போரிட்ட கதையைக் கேட்ட குலசேகராழ்வார் தம் படையைத் திரட்டி உதவிக்குப் புறப்பட்டார் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. கதை என்பதையே மறந்த அந்த நிலையை மரபு அறியாமை என்று சிரிக்கவில்லை, பக்தியின் உச்சம் என்று போற்றுகிறது. பெரியாழ்வார் யசோதையாகவும் நம்மாழ்வார் தலைவியாகவும் நின்று பாடினார்கள். வேறொருவராக நின்று உணர்வது அங்கே ஒரு பக்தி நெறி. திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களில் அரையர்கள் பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, பெருமாள் முன் சேவிக்கிறார்கள். செங்கல்பட்டு, விழுப்புரம் வட்டாரங்களில் திரௌபதியம்மன் விழாவின்போது பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். அர்ச்சுனன் வேடமிட்டவர் விரதமிருந்து தபசு மரம் ஏறி, மேலிருந்து எலுமிச்சையும் பூவும் திருநீறும் வீச, கீழே நிற்பவர்கள் அதைப் பிரசாதமாக ஏந்திக்கொள்கிறார்கள். அரையருக்கும் கூத்தருக்கும் நடிப்பு தொழுகையின் பகுதி. சினிமா நடிகருக்கு அந்தச் சடங்குச் சூழல் இல்லை. படப்பிடிப்புத் தளத்தில் விரதமும் காப்பும் கட்டாயம் அல்ல.

மதுராந்தகம் காட்டும் எல்லை

நடிப்பு வழிபாட்டுக்கு எவ்வளவு நெருங்கினாலும் தாண்டாத எல்லை ஒன்று உண்டு. அது எது என்பதை மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலின் வரலாறு விளக்குகிறது. திருவரங்கம் நோக்கிச் சென்ற இராமானுசரும் காஞ்சி நோக்கி வந்த பெரிய நம்பியும் இங்கே சந்தித்தார்கள். மகிழ மரத்தடியில் இராமானுசர் பஞ்ச சம்ஸ்காரம் பெற்றார் என்று மரபு கூறுகிறது. தோள்களில் சங்கு சக்கரப் பொறி, உடலில் பன்னிரு திருமண், அடியார் என்னும் நாமம், மந்திர உபதேசம், திருவாராதனம் ஆகியவை அந்த ஐந்து.

முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். ஒப்பனைக் கலைஞர் அவற்றை நடிகரின் உடலில் அச்சு அசலாகத் தீட்டிவிடலாம். மற்ற மூன்றையும் தீட்ட முடியாது. குருவிடமிருந்து பெற வேண்டும். பெற்ற பின் வாழ்நாள் முழுதும் கடைப்பிடிக்க வேண்டும். சம்ஸ்காரம் பெற்றவர் இன்னாருக்கு அடிமை என்னும் உறவுக்குள் நுழைகிறார். நடிகர் நுழைவது ஒரு பாத்திரத்துக்குள். படப்பிடிப்பு முடிந்ததும் அதிலிருந்து வெளியே வருகிறார், வர வேண்டும். அடியாரின் அடையாளம் கலைவதற்காக இட்டதன்று, நடிகரின் அடையாளமோ கலைத்த பிறகே அடுத்த வேடத்துக்கு இடம் தரும். சிவாஜி கணேசன் சொந்த வாழ்வில் நம்பிக்கை உடையவராக இருந்ததால் அவருடைய அப்பர் வேடம் தீட்சை ஆகிவிடவில்லை. அவர் பகுத்தறிவு மேடையில் வளர்ந்தவர் என்பதால் அது பொய்யாகவும் இல்லை.

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, அவை அறியப் பூணும் வேடம் கூடாவொழுக்கம் அன்று. அங்கே ஏமாற்றும் எண்ணம் இல்லை. இரண்டு, நடிப்பால் எழும் பக்தி பார்ப்பவரின் உள்ளத்தில் பிறக்கிறது. நடிகரின் தனி நம்பிக்கையைச் சோதித்து அதன் உண்மையை அளக்க வேண்டியதில்லை. மூன்று, நடிப்பு பக்திக்கு வாயிலாகலாம், பக்தியின் இடத்தைப் பிடிக்க முடியாது. நம்பிக்கையோடு நடித்தவரும் அடியார் நெறியில் தனியாகத்தான் நடக்க வேண்டும். இவற்றால் எஸ்.எஸ். ராஜேந்திரனின் மறுப்பு மதிப்பிழப்பதில்லை. தன் கலை பிறர் உள்ளத்தில் எதை விதைக்கும் என்று எண்ணிப் பார்ப்பது நடிகரின் கடமையே. ஏற்று நடித்தவர் அந்தக் கடமையை உழைப்பால் நிறைவேற்றினார், மறுத்தவர் துறப்பால் நிறைவேற்றினார். வேடத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமை இருவருக்கும் பொது. சமயம் நடிகரிடம் கேட்கத்தக்கது அந்தப் பொறுப்பு ஒன்றுதான்.