துணை பிரிந்தபின் துயில் தகுமோ?

இல்லறத்தில் ஒருவர் மறைந்தபின் எஞ்சியவர் இரவெல்லாம் விழித்திருப்பதைப் பல இல்லங்களில் நாம் காண்கிறோம். "ஐம்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர், உறக்கம் எப்படி வரும்?" என்பர் உற்றார். ஓரிரு திங்களில் அவர் நன்றாக உறங்கத் தொடங்கினாலோ, "அதற்குள் மறந்துவிட்டாரே!" என்பாரும் உளர். எனவே, உறங்குவது மறைந்தவர்க்குச் செய்யும் துரோகமோ என்னும் ஐயம் அவர் உள்ளத்திலேயே எழுகிறது. இது நாம் எண்ணிப் பார்க்கத்தக்க அறக்கேள்வியாகும்.

முதலில் உடலின் இயல்பை அறிவோம். மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, சிறியதொரு நரம்பணுத் தொகுதி கடிகாரம்போல் இயங்குகிறது. உயிரணுக்களில் இத்தகைய கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவர்க்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கடிகாரத்தின் ஒரு சுற்று பெரும்பாலோர்க்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றே மிகும். ஆதலால் நாள்தோறும் அதனைத் திருத்தியமைத்தல் வேண்டும். காலை ஒளி அதனைத் தலையாகத் திருத்துகிறது. வேளை தவறாத உணவும், நடமாட்டமும், பிறரோடு பழகுதலும் துணை செய்கின்றன.

கணவரும் மனைவியும் ஒருவர்க்கொருவர் இக்கடிகாரத்தைத் திருத்தி வந்தவராவர். அவர் குளிக்க வெந்நீர், ஜினாலயத்துக்குப் புறப்படும் நேரம், பொழுது சாயுமுன் சமைக்கும் உணவு ஆகியவை பள்ளி மணிபோல் நாளைப் பகுத்து வந்தன. ஒருவர் மறைந்ததும் அந்த மணிகள் நின்றுவிடுகின்றன. பகலில் கண்ணயர்தலும், "ஒருவருக்காக அடுப்பு மூட்டுவானேன்?" என்று உணவைத் தவிர்த்தலும் தொடர்கின்றன. இரவுண்ணா நெறியுடைய நம் இல்லங்களில், மாலையுணவுக்குப்பின் பேச்சுத்துணையின்றி எட்டு மணிக்கே படுப்பவர் இரண்டு மணிக்கு விழிப்பது வியப்பன்று. முதுமையில் உறக்கம் முன்னதாகவே வந்து, ஆழம் குறைந்து, பலமுறை கலைவதும் இயற்கை. ஆகவே உறக்கமின்மைக்குத் துயரத்தோடு நாளின் ஒழுங்கு குலைந்ததும் காரணமாகிறது.

இனி, விழித்திருத்தல் தவமாகுமா? உறக்கத்தைத் தரிசனாவரணீய கர்மத்தின் பயன் என்று நம் ஆகமம் கூறுதலின், விழிப்பே மேலெனக் கருதலாம். ஆயின், சாமாயிகத்தில் அமைந்த மனத்தின் விழிப்பு வேறு. பிரிந்தவரை எண்ணிப் புரளும் விழிப்பு வேறு. விரும்பியதன் பிரிவால் எழும் இப்பின்னதை ஆர்த்த தியானம் என்பர் ஆன்றோர். உமாசுவாமி, தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், பிறர்க்கு விளைக்கும் துயரோடு தனக்குத்தானே விளைத்துக்கொள்ளும் துயரையும் அசாதா வேதனீய வினை வந்து சேர்வதற்குக் காரணமாக எண்ணியுள்ளார். துயருற்றவரைக் குறை கூற இதனை எடுத்தல் தகாது. கண்ணீர் தானே வரும், அது குற்றமன்று. உறங்காமையை அன்பின் அளவுகோலாகக் கொள்வதே பிழையாகும்.

மக்கள் கடமையும் இங்கு உண்டு. "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா, ஓய்வெடுங்கள்" என்று எல்லா வேலைகளையும் வாங்கிக்கொள்வது அன்பேயாயினும், எஞ்சிய மணிகளையும் அது நிறுத்திவிடுகிறது. பேரனைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். காலை வெயிலில் அவரோடு ஜினாலயத்துக்கு நடந்து செல்லுங்கள். மாலையுணவின்போது அருகில் அமர்ந்து பேசுங்கள். தூக்க மாத்திரை முதியோர்க்குத் தடுமாற்றத்தையும் வீழ்ச்சியையும் தரக்கூடும். மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் ஆகாது. உறக்கமின்மை பல வாரங்கள் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாமென்னும் பேச்சு எழுந்தாலோ, தாமதியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

வேளையில் உண்டு, வேளையில் உறங்கி எழுவது, இருவரும் சேர்ந்து காத்த ஒழுங்கை எஞ்சியவர் தொடர்ந்து காப்பதேயாகும். அவ்வாறு உறங்கி எழுவோரை "மறந்துவிட்டார்" என்று கூறாதிருக்க நாம் அனைவரும் உறுதி கொள்வோமாக.