இளையவர் ஏவ, முதியவர் பணிய

சென்னீர்குப்பத்திற்கு வெகு தொலைவில் இல்லாத பரங்கிமலையில் 1963 முதல் இராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி நடைபெற்று வருகிறது. அங்குத் தேறி வெளியேறும் இருபதுகளிலுள்ள இளைஞர், ஏறத்தாழ முப்பது வீரர்களுக்குத் தலைவராகிறார். அவருக்குத் துணைநிற்கும் சுபேதாரோ தந்தை வயதை நெருங்கியவர், அனுபவத்தில் முதிர்ந்தவர். அத்தகையவருக்கு ஆணையிடும் உரிமை இளைஞருக்கு எங்கிருந்து வந்தது?

தோளிலுள்ள நட்சத்திரங்கள் பணிவைப் பெற்றுத் தரும்; நம்பிக்கையைத் தாரா. 1932 இல் டேராடூன் இராணுவக் கழகத் திறப்புவிழாவில் தலைமைத் தளபதி செட்வுட், நாட்டின் நலன் முதலாவது, வீரர்களின் நலன் அடுத்தது, அதிகாரியின் சொந்த நலன் என்றும் இறுதியானது என வரிசைப்படுத்தினார். எவருக்கு விடுப்பு, எவருக்கு ஆபத்து என்று தீர்மானிப்பவர், சுகத்தில் பிந்தியும் ஆபத்தில் முந்தியும் நின்றாலன்றி அத்தீர்மானம் நீதியாகாது.

முதியவர்க்கும் கடமை உண்டு. ஹிஜ்ரி 11 இல் (கி.பி. 632), இளைஞரான உஸாமா (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் படைத்தலைவராக நியமித்தபோது சிலர் குறை கூறினர். பின்னர் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள், வாகனத்திலமர்ந்த அவ்விளைஞரை உடன்நடந்தே வழியனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் விட்டுச்செல்ல அவரிடமே அனுமதி வேண்டினார்கள். ஆணையிட வல்லவர்கள் அனுமதி கேட்டார்கள்! தந்த பொறுப்பைத் தந்தவரே மதியாவிடில் பிறர் எங்ஙனம் மதிப்பர்?

பிள்ளையிடம் வாணிபத்தை ஒப்படைத்தபின், நாள்தோறும் அவன் முடிவுகளை மாற்றும் பெரியோர் இதனைச் சிந்தித்தல் நலம்.