மறுக்கக்கூடிய முகம்

ஆறு மாதங்களுக்கு முன் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். படப்பையில் நான் குமாஸ்தாவாக இருக்கும் பாங்கில், ஒரகடத்துக் கம்பெனிகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நடுவே, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கணக்குத் திறக்க வந்து நின்றார். காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. "இத்தனை வயசு வரைக்கும் எங்கேயும் அக்கவுண்ட் இல்லையா?" என்று கேட்டேன். படிவத்தில் இல்லாத கேள்வி. "உள்ள இருந்தேன் சார், புழல்ல. பதினோரு வருஷம்" என்றார். மேனேஜர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். வந்தவரும் அவரைப் பார்த்தார். மறுநாள் அவர் வரவில்லை.

அதற்குப் பிறகுதான், கைதிகளின் மறுவாழ்வுக்கு மெய்நிகர் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், சிறுவயதுக் குற்றத்துக்காக உள்ளே போய்ப் பல பத்தாண்டுகளைக் கழித்தவர்களை விடுதலைக்குத் தயார் செய்ய இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கண்ணை முழுதும் மூடும் கருவியை மாட்டிக்கொண்டு, கடையில் சாமான் எடுத்துத் தானே இயந்திரத்தில் பில் போடவும் துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்கவும் பழகுகிறார்கள். ஸ்பெயினில் நடந்த, 2018இல் வெளியான ஒரு பரிசோதனை இன்னும் ஆழமாகப் போகிறது. குடும்ப வன்முறைக்காகத் தண்டனை பெற்ற ஆண்கள் கருவிக்குள் ஒரு பெண்ணின் உடலில் தங்களைக் காண்கிறார்கள். ஓர் ஆண் உள்ளே வருகிறான், ஏசுகிறான், நெருங்கி வருகிறான். இந்த அனுபவத்துக்குப் பிறகு, பெண் முகத்தில் இருக்கும் பயத்தை அடையாளம் காண்பதில் அவர்கள் முன்னைவிடத் தேர்ச்சி பெற்றிருந்தார்கள்.

நம் வட்டாரத்தில் இயந்திரம் என்றாலே முகம் சுளிப்பது ஒரு பழக்கம். நான் அதைச் செய்யப் போவதில்லை. எங்கள் கிளைக்கு வரும் ஒரு அம்மாளின் மகன் சிறையில் இருக்கிறான். அவனை நேரில் பார்ப்பதை 'மனு பார்ப்பது' என்பார் அவர். அதற்குத் தாம்பரம் போய் பஸ் மாறிப் புழல் போகவேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். 2020இல் கொரோனாவால் மனு நின்றபோது, தமிழ்நாட்டுச் சிறைகளில் வீடியோவில் பேச ஏற்பாடு செய்தார்கள். "மொகத்தப் பாத்துட்டேன் சார், அது போதும்" என்றார். இதற்கு மேல் அந்தக் கருவிக்கு என்ன நியாயம் வேண்டும்?

ஆனால் அந்த வீடியோவும் மெய்நிகர் கருவியும் ஒரே ஜாதி இல்லை. இதை நம் உச்சநீதிமன்றமே 2003இல் சொல்லிவிட்டது. பிரஃபுல் தேசாய் வழக்கில், அமெரிக்காவிலிருக்கும் ஒரு டாக்டரை வீடியோ மூலம் சாட்சியாக விசாரிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. மெய்நிகர் என்பது இல்லாததை இருப்பதாக உணரச் செய்வது. வீடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூரத்தில் நிஜமாக இருப்பவரையே அது காட்டுகிறது என்றது கோர்ட்டு. சட்டத்துக்காகச் சொன்ன இந்த வேறுபாட்டை நான் தார்மீகத்துக்காக எடுத்துக்கொள்கிறேன். வீடியோவில் தெரியும் அம்மா மகனைத் திட்டலாம், அழலாம், போனை வைத்துவிடலாம். கருவிக்குள் இருக்கும் பெண்ணால் எதையும் மறுக்க முடியாது. அவளுக்கு நேற்று இல்லை. மன்னிக்கவும் மன்னிக்க மறுக்கவும் அவளுக்குள் யாரும் இல்லை.

பயத்தை அடையாளம் காண்பது ஒரு திறமை. அடிக்கிற கை ஒரு கணம் தயங்க அது உதவலாம். ஒரு பெண் பிழைத்தால் அதுவே பெரிது. ஆனால் அந்தத் திறமை மட்டுமே ஒருவனைத் திருத்திவிடாது. கந்துவட்டிக்காரனின் அடியாள் அதில் நிபுணன். எதிரில் இருப்பவன் பயப்படும் அளவு தெரிந்துதான் குரலை உயர்த்துகிறான். பயத்தைப் பார்த்த பிறகு, 'இதற்கு நான் பதில் சொல்லவேண்டும்' என்று தோன்ற வேண்டும். பதில் என்றால் அதைக் கேட்க ஒருவர் வேண்டும். உன் பதில் போதாது என்று சொல்ல அவருக்கு உரிமை வேண்டும். அந்த ஆபத்து இல்லாத பச்சாதாபம் ஒத்திகைதான். ஒத்திகை வீண் என்று சொல்லவில்லை. ஆனால் ஒத்திகையைக் கணக்கெடுத்து, நாடகம் நடந்துவிட்டதாக ரிப்போர்ட் எழுதக்கூடாது.

நம் நாட்டில் இதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. யாரைத் திருத்துவது? 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75க்கும் மேல். குற்றவாளி என்று யாரும் தீர்ப்பு எழுதாதவனுக்குத் திருந்தும் கருவியை மாட்டுவது அபத்தம். அவனுக்கு வேண்டியது வழக்கு முடிவது. அவனுக்குக் கிடைத்திருக்கும் டிஜிட்டல் வசதி வேறு: நீதிமன்றக் காவலை வீடியோவிலேயே நீட்டிக்க 2008ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்தது, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. போலீஸுக்கு வேன் மிச்சம். கோர்ட்டு வராண்டாவில் அம்மாவோடு பேசும் இரண்டு வார்த்தை அவனுக்கு நஷ்டம். ஒரே திரை ஒரு சமயம் முகத்தைக் கொண்டுவருகிறது, இன்னொரு சமயம் முகத்தைத் தவிர்க்க உதவுகிறது. எந்தச் சமயம் எது என்பதைத் திரை முடிவு செய்வதில்லை.

இப்போது கொலராடோவின் கடைக்குத் திரும்புகிறேன். அந்த மெய்நிகர் கடையில் பில் போடும் இயந்திரம் இருக்கிறது. என்னைப் போல ஒருவன் அதில் இருக்கிறானா? காகிதம் சரியாக இருந்தும், படிவத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டு, பதில் கேட்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறவன்? எங்கள் வாசலில் இருக்கும் ஏ.டி.எம்.மைப் பழகிக்கொள்ள அந்த மனிதருக்கு ஐந்து நிமிஷம் போதும். அவரால் கற்றுக்கொள்ள முடியாதது நான். மறுவாழ்வு என்பதை அவர் கண்ணுக்குள் நடக்கும் காரியமாக்கிவிட்டால் நமக்கு வேலை இல்லை என்று ஆகிவிடுகிறது. இந்தக் கருவி சமூகத்துக்கு இவ்வளவு சீக்கிரம் பிடித்துப்போவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

திருந்துகிறவனுக்கு முன்னால் மறுக்கக்கூடிய ஒரு முகம் வேண்டும் என்றேன். நான் மறுத்தது அந்த அர்த்தத்தில் இல்லை. அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்தவரில்லை. மறுக்க எனக்கு உரிமையே கிடையாது. உரிமை உள்ளவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் முடிவு அவர்களுடையது.

அவர் கொடுத்த விண்ணப்பத்தின் நகல் என் மேஜை அறையில் இருக்கிறது. அதில் விலாசம் இருக்கிறது. பஸ்ஸில் இருபது நிமிஷம். போய் நின்று, அன்று மேனேஜர் இருந்தார் என்று சொல்லவேண்டும். இதை எழுதி முடிக்கும் இன்று வரை போகவில்லை. போனால் அவர் கதவைச் சாத்திவிடலாம்.