கைபேசிக்கு அதிகாரி யார்?

கற்பவனுடைய பக்குவத்தை ஆராய்ந்த பின்னரே வித்தையை வழங்க வேண்டும் என்பது நமது சாஸ்திர மரபில் ஆழ வேரூன்றிய கொள்கை. அதிகாரி பேதம், அதாவது பெறத் தகுதியுடையவர் யார் என்ற பாகுபாடு, என்று அதற்குப் பெயர். பிரம்ம விசாரத்தில் இறங்க விரும்புகிறவனுக்கு விவேகம், வைராக்கியம் முதலிய நான்கு சாதனங்கள் முன்னதாகவே வாய்த்திருக்க வேண்டும் என்று ஆதிசங்கரர் வகுத்ததும் இதனை ஒட்டியே. மடங்களுக்கும் பாடசாலைகளுக்கும் உரியதென்று நாம் எண்ணியிருந்த இந்த விவகாரம், சற்றும் எதிர்பாராத வகையில், கைபேசி வியாபாரத்தில் இன்று தலைதூக்கியிருக்கிறது. புதியதோர் இயங்குதளத்தை ஆக்குகிறவர்கள் தங்கள் முன் இரு கூட்டத்தாரைக் காண்கிறார்கள்: கருவியின் உள்ளமைப்பை அறிந்து அதை மாற்றியும் திருத்தியும் பார்ப்பதிலேயே இன்பம் காணும் ஆர்வலர் ஒருபுறம்; பேசவும் செய்தி அனுப்பவும் பணம் செலுத்தவும் ஒரு கருவி வேண்டும் என்பதற்கு மேல் எதையும் கேளாத சாமானியர் மறுபுறம். முன்னவருக்குத் தத்துவத்தைச் சொல், பின்னவருக்கு விலையைச் சொல் என்பது சந்தையின் உபதேசம். ஒரே பொருளைக் குறித்து இருவருக்கு இருவேறு வார்த்தை சொல்வது தர்மமாகுமா என்பதே என் விசாரம்.

2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் ‘கிளவுட் எஃப்எக்ஸ்’ என்னும் கைபேசியை 1,999 ரூபாய்க்கு நம் நாட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனுள் இயங்கியது மோசில்லா உருவாக்கிய ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ். லாபநோக்கற்ற அறக்கட்டளை ஒன்றின் கீழ் இயங்கும் மோசில்லாவின் லட்சியம் உன்னதமானது. கூகுள், ஆப்பிள் என்னும் இரு நிறுவனங்களின் வாசல் வழியே அன்றி ஒருவன் இணையத்தினுள் புக இயலாதென்ற நிலை வரலாகாது. எவருக்கும் பொதுவான வலைத் தொழில்நுட்பங்களைக் கொண்டே ஒரு கைபேசியை முழுவதும் இயக்கிக் காட்டலாம் என்பது அதன் சங்கல்பம். இந்த ஸ்வாதந்திரியத்தின் மகிமை ஆர்வலர்களிடம் விஸ்தாரமாகப் பேசப்பட்டது. கடையில் வந்து நின்ற சாமானியனுக்கு முன்வைக்கப்பட்டதோ பெரும்பாலும் அந்த 1,999 ரூபாய் என்ற விலைதான். 128 எம்பி நினைவகம் கொண்ட கருவி எவ்வளவு மெதுவாக நகரும் என்பதையும், உற்றார் உறவினர் எல்லோரும் கூடிவிட்ட வாட்ஸ்அப் அதில் அதிகாரபூர்வமாக இல்லை என்பதையும் அவன் பணம் கொடுத்த பின்னரே அனுபவத்தால் அறிந்தான். 2015 டிசம்பரில் மோசில்லா அந்தக் கைபேசி முயற்சியை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. ஆர்வலன் இழந்தது ஒரு பரிசோதனையை. அவனுடைய சட்டைப்பையில் வேறொரு கைபேசி இருந்தது. மற்றவனுக்கு இருந்ததே அந்த ஒன்றுதான்.

அந்த இயங்குதளத்தின் கதை அத்துடன் முடியவில்லை. அதன் மூலநிரலிலிருந்து கிளைத்த கைஓஎஸ், 2017இல் அறிமுகமான ஜியோபோனில் குடிபுகுந்தது. 1,500 ரூபாயைத் திரும்பப் பெறக்கூடிய வைப்புத்தொகையாகக் கட்டினால் போதும் என்று அறிவித்தார்கள். மறு ஆண்டு வாட்ஸ்அப்பும் அதில் வந்தது. இணையத்தையே அறியாதிருந்த ஏராளமான எளிய மக்கள் முதன்முதலாக அதன் மூலம் காணொளிகளைக் கண்டார்கள், தூரத்திலிருந்த மக்களுடன் பேசினார்கள். இதனை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் கருவியில் ஜியோவின் சிம் கார்டைத் தவிர வேறெதுவும் இயங்காது. எந்த ஒரு நிறுவனத்தின் வாசலிலும் மனிதன் காத்துநிற்கலாகாது என்ற சங்கல்பத்தில் பிறந்த நிரல், ஒரே நிறுவனத்தின் வாசலுக்குள் அடங்கிய பண்டமாக மக்களைச் சென்று சேர்ந்தது. நடுவே உதிர்ந்துபோன தத்துவத்தைக் காணோமே என்று வாங்கியவர்களில் யார்தான் கேட்டிருக்க முடியும்? அப்படியொரு தத்துவம் இருந்ததாக அவர்களிடம் எவரேனும் முன்பு சொல்லியிருந்தால் அல்லவா?

அதிகாரி பேதம் முற்றிலும் தவறான கொள்கை என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. திருக்கோட்டியூர் நம்பி, மந்திரத்தின் ரகசியார்த்தத்தைப் பெற வந்த ராமானுஜரைப் பதினெட்டு முறை நடக்கவைத்தார் என்று வைணவ குருபரம்பரை கூறுகிறது. அது கஞ்சத்தனம் அன்று. பெறுகிறவன் அதன் அருமையை உணர வேண்டும் என்ற கவலை. அவ்வாறு பெற்றதை, வெளியிடுவதில்லை என்ற வாக்கையும் மீறி, கோபுரத்தின் மீதேறி ராமானுஜர் உரைத்தார் என்பதும், அதனால் தமக்கு நரகம் வாய்த்தாலும் கேட்டவர் உய்வார்களே என்றார் என்பதும் அதே மரபின் கதை. தாம் இயற்றிய ஸ்ரீபாஷ்யத்தில், வேத வித்தைக்கு யார் உரியர் என்ற அதிகரணத்தில், பிறப்பை ஒட்டிய பழைய வரம்பை ஏற்றுக்கொண்டவரும் இவரேதான். இந்த முரணை நாம் மறைத்துவிடக் கூடாது. என்றாலும் கோபுரத்தின் மேல் அவர் செய்தது என்னவென்று ஊன்றிப் பார்க்க வேண்டும். நம்பியிடம் தாம் கேட்டது எதுவோ அதையே அவர் மக்களுக்குக் கொடுத்தார். கூட்டம் பெரிதென்பதற்காக அர்த்தத்தை நீக்கிவிட்டு ஓசையை மட்டும் வழங்கவில்லை. எளிமைப்படுத்துவது வேறு, சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது வேறு. வியாபாரப் பிரசாரம் இரண்டாவதை முதலாவதென்று எண்ணி மயங்குகிறது.

அந்த ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் எங்கள் ஊரான வேப்பம்பட்டுக்குத் தெற்கே அதிக தூரத்தில் இல்லை. 2006 முதல் 2014 வரை நோக்கியாவின் பெரிய தொழிற்சாலை இயங்கியது அங்கேதான். கைபேசி என்பது எங்கள் பக்கத்து மக்கள் தங்கள் கைகளாலேயே கோடிக்கணக்கில் செய்து அனுப்பிய பொருள். காலையில் வேப்பம்பட்டு நிலையத்தில் மின்சார ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடிக்கும் வேலைக்குச் செல்கிறவர்கள் இயங்குதளம் என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ஆயினும் சீசன் டிக்கெட் எடுக்கும் செயலி இதில் ஓடுமா, வங்கியின் ஓடிபி தவறாமல் வருமா, ஊரிலிருக்கும் தாயாருக்கு ஜிபேயில் பணம் போகுமா என்று அவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகள், ஓர் இயங்குதளத்தின் ஜீவநாடியைத் தொடும் கேள்விகள் அல்லவா? அவர்களுக்குப் பக்குவம் இல்லை என்று தீர்மானித்தவர் யார்? வாழ்க்கை முழுவதையும் ஒரே கருவியின் மேல் ஏற்றிவைத்திருப்பவன், இரண்டு மூன்று கருவிகளை வைத்து விளையாடுகிறவனைக் காட்டிலும் உண்மையை அறிந்துகொள்ள அதிக அதிகாரம் உடையவன் என்றே நான் கருதுகிறேன். தேவையின் தீவிரமும் ஒரு தகுதியே. முமுக்ஷுத்துவத்தை, அதாவது விடுபட வேண்டும் என்ற தாபத்தை, சங்கரரும் அந்த நான்கு சாதனங்களுள் ஒன்றாகத்தானே வைத்தார்.

2023 ஜனவரியில் சென்னை ஐஐடியில் அறிமுகமான பார்ஓஎஸ் என்னும் இயங்குதளம், சாமானியனுக்கும் முழு உண்மையைச் சொல்லும் இந்தப் பரீட்சையை இன்னும் எழுதவில்லை. ஐஐடியின் பிரவர்த்தக் தொழில்நுட்ப அறக்கட்டளையின் அரவணைப்பில் வளர்ந்த அந்த இயங்குதளம், ரகசியக் காப்பு மிகவும் தேவைப்படும் நிறுவனங்களுக்கே முதலில் உரியதென்று சொல்லி வழங்கப்பட்டது. நேர்மையான அதிகாரி பேதம் இது. இன்னாருக்காகச் செய்தோம் என்று வெளிப்படையாகவே கூறினார்கள். முன்கூட்டியே திணிக்கப்பட்ட செயலி எதுவும் அதில் இல்லை. பாதுகாப்பை நாடுகிற அதிகாரிக்கு அது விடுதலை; முதல் கைபேசியை வாங்கும் மூதாட்டிக்கோ பாத்திரம் பண்டம் ஒன்றுமில்லாத வீட்டில் குடியேறியது போலிருக்கும். என்றேனும் அது வேப்பம்பட்டின் கடைகளுக்கும் வருமானால், செயலிகள் ஏன் முன்கூட்டியே வைக்கப்படவில்லை, எவை ஓடும், எவை ஓடா, எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு வரும், உள்ளே சேரும் விவரங்களை யார் பார்க்கக்கூடும் என்பவற்றை, அதிகாரிகளுக்குச் சொன்ன அதே முழுமையோடு, பெட்டியின் மீது பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட வேண்டும். எழுத்தறியாதவர் வந்தால் கடைக்காரர் அதனை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே பணத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.