பிரிவு 98இல் இரண்டு நிரபராதிகள்

ஒருவரைக் கொல்வது எப்போது குற்றமாகாது? மலேசியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இதற்குப் பதில் சொல்கிறது. 1860இல் இந்தியாவுக்காக இயற்றப்பட்ட சட்டத்தின் வாரிசு இது. என் மாமா செம்பனைத் தோட்டக்காரர். காட்டுப்பன்றிக்காக உரிமத்தோடு ஷாட்கன் வைத்திருக்கிறார். "எனக்கு வயசாச்சு, இனி நீ லைசன்ஸ் எடு" என்று அவர் சொன்ன பிறகுதான் இந்தப் பிரிவுகளைப் படித்தேன்.

"ராத்திரியில வீட்டுக்குள்ள வந்தா சுடுவேன், அவ்ளோதான்" என்பது மாமாவின் சட்டம். பிரிவு 103 ஓரளவு அவர் பக்கம்தான். இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கையில் அவன் உயிர் போனாலும் அது குற்றமாகாமல் போகலாம். ஆனால், பிரிவு 99 கடிவாளம் போடுகிறது: போலிஸ் உதவியை நாட நேரமிருந்தால் உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கும் செய்யக்கூடாது. அவன் வாசலைத் தாண்டி ஓடும்போது முதுகில் சுட்டால் 103 துணைக்கு வராது. தற்காப்புதான் என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய பொறுப்பும் சுட்டவருக்கே.

என்னை நிறுத்தியது பிரிவு 98. அதில் ஓர் உதாரணம் வருகிறது. நுழைய உரிமையுள்ள வீட்டுக்குள் ஒருவன் இரவில் வருகிறான். உள்ளே இருப்பவன் அவனைத் திருடன் என்று உண்மையிலேயே நம்பித் தாக்குகிறான். தாக்கியவன்மேல் குற்றமில்லை. ஆனால், வந்தவனுக்கும் திருப்பித் தாக்க முழு உரிமை உண்டு. இருவரும் நிரபராதிகள். அவர்களில் ஒருவர் செத்தாலும் குற்றவாளி என்று யாருமே இல்லாமல் போகலாம்.

தற்காப்பு என்றால் கெட்டவனுக்குக் கிடைக்கும் தண்டனை என்றுதான் நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. செத்தவன் சாகத் தகுந்தவனா என்று அது கேட்பதில்லை. உன் பயத்துக்குத் தக்க காரணம் இருந்ததா, அளவு மீறினாயா என்றுதான் கேட்கிறது. 'குற்றமில்லை' என்ற தீர்ப்பை 'செய்தது சரி' என்று நாம்தான் மாற்றி வாசிக்கிறோம்.

"அப்ப நாம சாகணுமா?" என்பார் மாமா. இல்லை. அம்மாவை ஒருவன் தாக்க வந்தால் நானும் கையில் கிடைத்ததை எடுப்பேன். ஆனால், கையில் என்ன கிடைக்கிறது என்பது முக்கியம். பாராங்கை ஓங்கலாம், கத்தலாம், கடைசி நொடியில் ஆளை அடையாளம் கண்டு நிறுத்தலாம். தோட்டாவை நிறுத்த முடியாது. திரும்பப் பெற முடியாத செயலை ஒற்றைப் பொத்தானில் வைக்கக்கூடாது என்பது எங்கள் வேலையில் பாலபாடம். தூக்கக் கலக்கத்தில், இருட்டில், விசையில் விரல் வைத்திருப்பவனுக்கு அந்த இரண்டாவது பொத்தான் கிடையாது. நைட் ஷிப்ட் முடிந்து பின்கதவு வழியாக வரும் தம்பிக்கும் திருடனுக்கும் காலடிச் சத்தம் ஒன்றுதான்.

அதனால் உரிமத்துக்கு விண்ணப்பிப்பேன், பன்றிக்காக மட்டும். இரவில் துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறு பூட்டிலும் இருக்கும். அந்த இரண்டு பூட்டையும் திறக்க ஆகும் நேரத்தில், "யாரு?" என்று ஒருமுறையாவது கேட்டுவிடலாம்.